மிஷனரிப் பணி, சபை நாட்டுதல்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஜார்கண்டின் சாஹிப்கஞ்ச் மாவட்டத்தில், ராஜ்மகால் மலைமேல், 11 வருஷம் மிஷனரியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இப்போது திருநெல்வேலிப் பக்கம் எங்கேயாவது மிஷனரி ஞாயிறு என்றால் பேசக் கூப்பிடுவார்கள். பேசி முடித்து வெளியே வந்து காப்பி டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் யாராவது ஓரமாக இழுத்துக்கொண்டு போய் ஒரு கேள்வி கேட்பார்கள், அது போன மாதம் வேறு ஊரில் வேறொருவர் கேட்ட அதே கேள்வியாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் நின்றுகொண்டே அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன், கோபமாகக் கேட்டவையும் இதில் உண்டு.

மிஷனரின்னா வெள்ளைக்காரங்கதானே? நம்ம ஆளுங்களும் போறாங்களா?

போகிறார்கள், நூறு வருஷத்துக்கு மேலாகவே. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரிகள் சீகன்பால்குவும் புளூட்சோவும் நமக்கு நன்றாகத் தெரியும், பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். ஆனால் 1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் கூடி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்கள் தமிழர்கள். அவர்களில் முக்கியமானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியா. அதற்கு முந்தின வருஷம் அவர் யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெளிநாட்டுச் சங்கங்களை எதிர்பார்க்காமல் தாங்களே காசு போட்டு மிஷனரி அனுப்புவதைப் பார்த்து வெட்கப்பட்டுத் திரும்பினார் என்பார்கள்.

சங்கம் தேர்ந்துகொண்ட பணித்தளம் தோர்ணக்கல், அப்போது நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானம், இப்போது தெலங்கானா. மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்த அசரியா 1909-ல் தானே அங்கே போனார், தெலுங்கு படித்தார், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அதற்கு நடுவில் 1905-ல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் வந்தது. ஆகவே 'நம்ம ஆளுங்க' புதிதாக ஒன்றும் கிளம்பவில்லை.

எங்க ஐயரும் ஊழியக்காரர்தான், நீங்களும் ஊழியக்காரர்தான். அப்புறம் என்ன மிஷனரின்னு தனியா ஒரு பேர்?

சேகரத்து ஐயர், அதாவது உள்ளூர்ச் சபைப் போதகர், தன் மொழியில், தன் ஜனங்களுக்கு, ஏற்கனவே இருக்கிற சபையில் ஊழியம் செய்கிறார். அவர் 'ஆட்டுக்குட்டி' என்றால் கேட்கிறவருக்கு ஆட்டுக்குட்டி தெரியும். கலாச்சாரம் தாண்டிப் போகிற மிஷனரிக்கு இந்த மூன்றுமே கிடையாது. மொழி வேறு, ஜனம் வேறு, சபை என்று ஒன்று அங்கே இல்லை. மரியாதையில் ஏற்றத்தாழ்வு எதுவும் இல்லை, வேலைதான் வேறு. உள்ளூரில் 30 வருஷம் நன்றாகப் போதித்த ஒருவர் மலையில் முதல் வருஷம் இரண்டு வயதுக் குழந்தை மாதிரிதான் பேசுவார். அந்தக் கூச்சத்தைத் தாங்க முடியாமலே திரும்பிவந்தவர்கள் இருக்கிறார்கள்.

நம்ம தெருவுலயே ஆயிரம் பேர் இருக்காங்க. அவங்கள விட்டுட்டு எதுக்கு ஆயிரம் மைல் தாண்டிப் போகணும்?

இதைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் தெருவிலும் எதுவும் செய்வதில்லை என்பது என் அனுபவம். சரி, அதை விடுவோம். 1974-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் நடந்த உலக நற்செய்திப் பணி மாநாட்டில் ரால்ஃப் வின்டர் என்ற அமெரிக்கர் ஒரு கணக்கை முன்வைத்தார்: அக்கம்பக்கத்தில் ஒரு விசுவாசி இருந்தால் அவர் வழியாகச் செய்தி போய்ச் சேரும், ஆனால் தன் மொழியில் தன் இனத்தில் ஒரு விசுவாசிகூட இல்லாத ஜனத்துக்கு யாராவது வெளியிலிருந்து மொழி படித்துப் போனால்தான் உண்டு. உங்கள் தெருவில் கோயில் (சர்ச்) மணிச் சத்தம் கேட்கும், வேதப்புத்தகம் தமிழில் கிடைக்கும், கேட்க நினைத்தால் பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 10,000 பேருக்கு மேல் பேசும் மொழிகள் மட்டும் 121. அவற்றில் பலவற்றைப் பேசுகிறவர்களுக்கு அந்த அக்கா கிடையாது.

எனக்கு அழைப்பு இருக்கான்னு எப்படித் தெரியும்?

எனக்குச் சத்தமோ தரிசனமோ எதுவும் வரவில்லை. மூன்று வருஷம் மனதில் ஒரு பாரம் குறையாமல் இருந்தது, சபைப் பெரியவர்கள் சரி என்றார்கள், வீட்டில் மனைவியும் சரி என்றாள். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

போய் இறங்கினதும் முதல் நாள் என்ன பண்ணுவீங்க? பிரசங்கமா, கைப்பிரதியா?

இரண்டும் இல்லை. திருநெல்வேலியிலிருந்து சென்னை, அங்கிருந்து ஹவுரா, அப்புறம் சாஹிப்கஞ்சுக்கு வேறொரு ரயில், கடைசியில் ஜீப்பும் நடையும். இறங்கிய முதல் வாரம் வயிற்றுப்போக்கு. அது நின்றபிறகு செய்ய வேண்டிய வேலை மொழி படிப்பது, வேறொன்றும் கிடையாது. முதல் இரண்டு வருஷம் என் வேலை அதுதான் என்று அனுப்பினவர்கள் எழுதிக் கையெழுத்தே வாங்கியிருந்தார்கள். இல்லாவிட்டால் மாதாமாதம் 'எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள்' என்று ஊரிலிருந்து கடிதம் வந்திருக்கும். வரத்தான் செய்தது, ஆனால் கையெழுத்தைக் காட்டி மறுத்துவிட முடிந்தது.

மொழி படிக்க மேஜை நாற்காலி உதவாது. அந்த மலையில் சபாய் என்றொரு புல் வளரும், அதை அறுத்துக் கயிறு திரித்து வாரச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். சபை நாட்ட வந்தவனுக்கு முதலில் கிடைத்தது சபாய்ப் புல் என்று நானே சிரித்துக்கொள்வேன், அந்தச் சிலேடையை அங்கே யாரிடமும் விளக்க முடியாது. புல்லை உள்ளங்கையில் வைத்து உருட்டத் தெரியாமல் கை கிழிந்துபோக, பக்கத்தில் இருந்த கிழவர் என் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். நான் திரும்பச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள், மறுபடி சொன்னேன். எனக்கு மொழிவகுப்பு என்றால் அதுதான், ஒவ்வொரு நாளும்.

இந்தி தெரிஞ்சா போதாதா? எல்லாருக்கும் கொஞ்சம் இந்தி வருமே?

சந்தையில் உப்பு வாங்கப் போதும். சாவு வீட்டில் போதாது. ராஜ்மகால் மலையின் பஹாடியா மக்கள் பேசுவது மால்தோ. அது நம் மொழிக் குடும்பம், வட திராவிட மொழி. 'நான்' என்பதற்கு 'ஏன்' என்பார்கள், 'நீ' என்பதற்கு 'நீன்'. கண்ணைச் சொல்லும் வார்த்தை நம்முடைய 'கண்'ணேதான், முதல் எழுத்து மட்டும் தொண்டைக்குள்ளிருந்து வரும். முதல் தடவை கேட்டபோது ஹவுராவைத் தாண்டி இத்தனை தூரம் வந்து பெரியப்பா வீட்டு ஆட்களைப் பார்த்த மாதிரி இருந்தது. அப்படி நினைத்து மெத்தனமாக இருந்ததில் ஆறு மாதம் வீணாய்ப் போனது வேறு விஷயம். சொல் ஒத்துப்போனாலும் பொருள் ஒத்துப்போவதில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. மால்தோவிலும் இந்த இரண்டும் தனித்தனி. இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்' ஒன்றுதான். இந்தி வேதாகமத்தை வைத்துக்கொண்டு வாய்மொழியாகக் கதை சொல்லப் போகிறவர், புயலில் படகு ஆடும்போது சீஷர்கள் இயேசுவை எழுப்புகிற இடத்தில் மாட்டிக்கொள்வார். சாகப் போவது யார்? இயேசுவையும் சேர்த்தா, சேர்க்காமலா? தமிழ் வேதாகமம் மாற்கில் 'நாங்கள் மடிந்துபோகிறது' என்று போட்டுவிட்டது, நமக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. ஜெபத்திலும் இதே கதைதான், 'எங்கள் பிதாவே' என்பதற்குப் பதில் 'நம்முடைய பிதாவே' என்று தேவனிடமே சொன்னால் அவருக்கும் ஒரு பிதா இருக்கிறார் என்று ஆகிவிடும். நான் அப்படித்தான் முதல் வருஷம் முழுக்க ஜெபித்தேன். மரியாதைக்காக யாரும் திருத்தவில்லை, ஒரு பையன்தான் கடைசியில் கேட்டான், 'சாமிக்கு அப்பா யார்?' என்று.

சபை நாட்டுறதுன்னா கோயில் கட்டுறதுதானே? எவ்வளவு செலவாகும்னு சொன்னா எங்க சங்கத்துல பிரிச்சிடுவோம்.

நல்ல மனதோடு கேட்கிறீர்கள் என்று தெரியும். இருந்தாலும், வேண்டாம். சபை என்பது கூடுகிற ஆட்கள். தங்கள் மொழியில் வேதம் வாசிக்கவோ கேட்கவோ செய்து, தாங்களே ஜெபித்து, தங்களில் ஒருவர் நடத்த, தங்கள் காணிக்கையில் நடக்கிற கூட்டம். அது மாமரத்தடியில் நடந்தாலும் சபைதான். கான்கிரீட் கட்டடம் முதலிலேயே வந்துவிட்டால் அதற்கு வெள்ளையடிக்க, பூட்டு மாற்ற, கூரை ஒழுகினால் பார்க்க எல்லாவற்றுக்கும் பாளையங்கோட்டையைப் பார்த்தே உட்கார்ந்திருப்பார்கள்.

வாசலில் உபயதாரர் பெயர் வெட்டின கல்வெட்டு ஒன்றும் கூடவே வரும். தமிழில் எழுதின கல்வெட்டை ஜார்கண்ட் மலையில் யார் வாசிப்பார்கள்? நான் ஒன்று பார்த்திருக்கிறேன். அதன்மேல் வெங்காயம் காயப் போட்டிருந்தார்கள், கல்வெட்டு உருப்படியாகப் பயன்பட்டது அப்போதுதான். எங்கள் கிராமத்தில் நான் வந்த ஒன்பதாவது வருஷம் அவர்களே மண்சுவர் எழுப்பி ஓடு போட்டார்கள். ஓட்டுக்கு மட்டும் நாங்கள் பாதி கொடுத்தோம், அதுவும் அவர்கள் கேட்டபிறகு.

எத்தனை வருஷம் ஆகும்? நாலு வருஷத்துல முடிச்சிரலாமா?

இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி வங்காளத்தில் 1793 நவம்பரில் இறங்கினார். முதல் வங்காளியாகக் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் கடைசியில். நடுவில் ஏழு வருஷம், ஒரு வங்காளியும் இல்லை. கேரியை நாம் கொண்டாடுகிறோம், ஆனால் நம் மிஷனரிக்கு மூன்றாம் வருஷமே அறிக்கையில் எண்ணிக்கை கேட்கிறோம்.

நம்ம கீர்த்தனையெல்லாம் எவ்வளவு அருமையா இருக்கு. அதையே மொழிபெயர்த்துச் சொல்லிக்கொடுக்கலாமே?

நமக்குக் கீர்த்தனை எழுத வேதநாயகம் சாஸ்திரியார் கிடைத்தார் (1774–1864). ஜெர்மானியப் பாடல் ராகத்திலேயே நம்மைப் பாடவிட்டுப் போயிருந்தால் இன்றைக்குக் கல்யாண வீட்டில் யாரும் ராகம் போட்டுப் பாட மாட்டார்கள். தஞ்சாவூரில் வளர்ந்த ஒருவர் தன் ஊர் ராகத்தில், தன் ஊர் பதத்தில் எழுதியதால்தான் அது நம்முடையதாயிற்று. கிருஷ்ண பிள்ளை 1894-ல் இரட்சணிய யாத்திரிகத்தைக் காப்பியமாகக் கொடுத்ததும் அப்படித்தான். நமக்கு நடந்த அந்த நல்லது அவர்களுக்கும் நடக்கட்டுமே. அவர்களுடைய சாஸ்திரியார் அவர்களுக்குள்ளிருந்துதான் வர வேண்டும், நாம் செய்ய வேண்டியது வழியை மறிக்காமல் இருப்பது.

நானும் மறித்தேன். முதலில் மூன்று தமிழ்க் கீர்த்தனைகளை மொழிபெயர்த்துச் சொல்லிக்கொடுத்தேன், மெட்டு நம்முடையது, ஆரபியோ என்னவோ. மரியாதையாகப் பாடினார்கள். ஒரு நாள் ராத்திரி வெளியே மத்தளச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், இயேசு கடலில் நடந்த கதையை இரண்டு பெண்கள் தங்கள் மெட்டில் வரிக்கு வரி மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள், மற்றவர்கள் கை கோத்து ஆடுகிறார்கள். மறுவாரமே கீர்த்தனை வகுப்பை நிறுத்திவிட்டேன். ஊரில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர், 'சபையில் ஆட்டமா?' என்று முகம் சுளித்தார். அவர் பேத்தியின் கல்யாணத்தில் என்ன ஆட்டம் நடந்தது என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

அப்போ அவங்க பழக்கம் எதையுமே மாத்தக் கூடாதா? சாராயம், பேய்க்குப் பலி எல்லாம்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி காவி கட்டி, சைவம் சாப்பிட்டு, சந்நியாசி மாதிரி வாழ்ந்தார். ரோமில் அதை வைத்து வருஷக்கணக்கில் சண்டை நடந்து, 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். ஆடை, உணவு, பூணூல் எல்லாம் கலாச்சாரம் என்று அவர் வாதாடியது பெரிய துணிச்சல். ஆனால் அந்தக் கலாச்சாரத்தோடு சாதியும் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தது. அசரியா தோர்ணக்கலில் கட்டிய பேராலயம் 1939-ல் பிரதிஷ்டையானது, இந்துக் கோயில் தூண்களும் மசூதிக் குவிமாடமும் சேர்ந்த கட்டடம். அதிலும் தேர்ந்தெடுத்துத்தான் எடுத்தார், எல்லாவற்றையும் எடுக்கவில்லை.

எங்கள் கிராமத்தில் அரிசிக் கள், அதாவது ஹண்டியா, இல்லாமல் எதுவும் நடக்காது. நான் தடை எதுவும் போடவில்லை. அவர்களிடமே கேட்டேன். பெண்கள்தான் முதலில் பேசினார்கள், யார் வீட்டில் யார் அடி வாங்குகிறார்கள் என்று. கல்யாணத்துக்கு வேண்டாம், வீட்டிலும் வேண்டாம் என்று அவர்களாக முடிவு செய்தார்கள், முடிவெடுக்க இரண்டு வருஷம் ஆனது. நான் சொல்லியிருந்தால் இரண்டே வாரத்தில் சம்மதித்திருப்பார்கள், என் முதுகுக்குப் பின்னால் குடித்திருப்பார்கள்.

மருந்து குடுக்கிறீங்க, பள்ளிக்கூடம் நடத்துறீங்க. இது ஆசை காட்டி மதம் மாத்துறது இல்லையா?

இதைக் கேட்டவர் என் இந்து நண்பர், டீக்கடையில். நியாயமான கேள்வி. மருந்து கொடுத்துவிட்டு ஆராதனைக்கு வரச் சொன்னால் அது ஆசை காட்டுவதுதான், என்னைக் கேட்டால் லஞ்சம் என்றே சொல்வேன். அப்படிச் செய்கிறவர்கள் இல்லவே இல்லை என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

ஆனால் அந்த மலையில் காலா அசார் இருக்கிறது. மணல் ஈ கடித்து வரும் காய்ச்சல், வாரக்கணக்கில் விடாது, மண்ணீரல் வீங்கி வயிறு பானை மாதிரி ஆகும், வைத்தியம் பார்க்காவிட்டால் பெரும்பாலும் சாவுதான். மலேரியா தனி. ஆரம்ப சுகாதார நிலையம் மலையடிவாரத்தில், ஆளைக் கட்டிலில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அப்படி இறங்கும்போது ஒரு முனையைப் பிடிக்கிறவன் தூக்கப்படுகிறவர் என்ன மதம் என்று கேட்பானா? நாங்கள் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று: மருந்துப் பெட்டி திறந்திருக்கும்போது வேதப்புத்தகம் மூடியிருக்க வேண்டும். கடைசிவரை ஆராதனைக்கு வராத குடும்பங்கள்தான் எங்களிடம் அதிகம் மருந்து வாங்கின. வராததற்காக யாரையும் நாங்கள் திருப்பி அனுப்பவில்லை, அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சட்டப்படி இது சரியா? போலீஸ் பிடிக்காதா?

அரசியல் சாசனம் 25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்ற மட்டுமல்ல, பரப்பவும் உரிமை கொடுக்கிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. ஆனால் 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்றால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை என்று ஆகாது என்றது. மாநிலங்களின் மதமாற்றத் தடுப்புச் சட்டங்கள் தனி. ஒடிசாவில் 1967 முதல், மத்தியப் பிரதேசத்தில் 1968 முதல், ஜார்கண்டில் 2017 முதல். தமிழ்நாட்டில் 2002-ல் ஒன்று வந்து 2004-ல் திரும்பப் பெறப்பட்டது, அதனால்தான் நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சட்டங்களின் கனம் தெரிவதில்லை. வலுக்கட்டாயம், ஏமாற்று, ஆசைகாட்டுதல் மூன்றும் குற்றம். சில மாநிலங்களில் மாவட்ட நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்கவோ அனுமதி வாங்கவோ வேண்டும். போகுமுன் அந்தந்த மாநிலச் சட்டத்தை ஒரு வக்கீலோடு உட்கார்ந்து படியுங்கள், ஜெபம் பண்ணிக்கொண்டே படியுங்கள், ஆனால் படியுங்கள்.

சலுகை பற்றியும் கேட்பார்கள். பட்டியல் சாதியினர் கிறிஸ்தவரானால் 1950-ஆம் வருஷ ஆணையின்படி அந்தத் தகுதி போய்விடும். பழங்குடியினருக்கு அப்படி இல்லை, மதம் மாறினாலும் பழங்குடியினர்தான். இதைச் சேர வருகிறவரிடம் மறைத்தால் அது மேலே சொன்ன ஏமாற்றில்தான் சேரும்.

வெளிநாட்டுப் பணம் கொட்டுதுன்னு சொல்றாங்களே?

கொட்டின காலம் இருந்திருக்கலாம். 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபிறகு, ஒரு அமைப்பு வாங்கின வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்க முடியாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, பணம் வந்து சேரும் கணக்கு டெல்லி ஸ்டேட் பாங்கின் ஒரே கிளையில்தான். என்னை 11 வருஷம் தாங்கியது அந்தப் பணம் அல்ல. எங்கள் பக்கம் பழைய வழக்கம் ஒன்று உண்டு, பிடி அரிசி. உலையில் போடுமுன் ஒரு பிடியைத் தனிப் பானையில் போடுவது, ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்கு வரும், ஏலம் போட்டுக் காசாக்குவார்கள். பீடி சுற்றுகிற ஒரு அம்மா எனக்கு மாதம் 50 ரூபாய் அனுப்பினார். கணக்கு எழுதும்போது அந்த 50 ரூபாய்க்கு என்ன பதில் சொல்வோம் என்று கை நிற்கும்.

அங்கேயும் சாதிச் சபைதானா?

கேட்டவர் ஒரு வாலிபத் தம்பி, கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மிஷன் உலகத்தில் இதற்கு ஒரு கொள்கையே உண்டு. மத்திய இந்தியாவில் பல வருஷம் பணிசெய்த டொனால்ட் மெக்காவ்ரன், ஜனங்கள் தங்கள் இனத்தை விட்டுப் பிரியாமல் கூட்டமாகக் கிறிஸ்துவிடம் வருவதுதான் இயல்பு, சபை வேகமாக வளர்வதும் அப்படித்தான் என்றார். மலையில் ஒரே இனம் ஒரே மொழி வாழும் கிராமத்தில் அது தானாக நடக்கிறது, தப்பும் இல்லை.

நம் நாட்டுச் சமவெளியில் அதே கொள்கை சாதிக்குச் சபை உடை தைத்துப் போட்டது போல ஆகிவிடும். திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தில் ஒரே கோயிலுக்குள் இரண்டு சாதியாரைப் பிரிக்கச் சுவர் இருந்தது, 1910-ல்தான் இடித்தார்கள். நாம் அந்த ஊர்க்காரர்கள். பஹாடியாவும் அந்தப் பக்கத்து இன்னொரு பழங்குடியான சந்தாலும் ஒரே பந்தியில் உட்கார மாட்டேன் என்றபோது நான் உபதேசம் பண்ண வாய் திறந்து, வடக்கன்குளம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். அப்புறம் அந்தக் கதையையே அவர்களிடம் சொன்னேன், எங்கள் ஊர் அசிங்கம் இது என்று. உபதேசத்தைவிட அது அதிகம் வேலை செய்தது. ஆனாலும் இரண்டு கூட்டமும் சேர்ந்து சாப்பிட்டது அதன்பிறகு மூன்று தடவைதான், பெரிதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

நாம போயும் அங்க பெரிய துரை மாதிரி நடந்துக்கலையா?

நடந்துகொள்கிறோம். இந்தக் கேள்விக்காகவே இதை எழுத ஆரம்பித்தேன் என்றுகூடச் சொல்லலாம். 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் அசரியா எழுந்து வெள்ளை மிஷனரிகளிடம் சொன்னார்: நீங்கள் சொத்தைக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் கொடுத்தீர்கள், அன்பைக் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். நாம் அதைப் பெருமையாகச் சொல்கிறோம், பேசினவர் நம் ஊர்க்காரர் என்பதால். ராஜ்மகாலில் அந்தப் பேச்சில் வரும் வெள்ளைக்காரர் நான்தான் என்பது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆனது.

என் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு இருந்தன. யார் வந்தாலும் நான் நாற்காலியில், வந்தவர் தரையில். யாரும் அப்படிச் சொல்லவில்லை, அப்படியே பழகிவிட்டது. அவர்கள் என்னை 'சாஹப்' என்றார்கள், நான் மறுக்கவில்லை. ஒருநாள் கிழவர் ஒருவர், சபாய்க் கயிறு திரிக்கச் சொல்லிக்கொடுத்தாரே அவர்தான், என் வீட்டுக்கு வந்து சொல்லாமல் கொள்ளாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்கென்றதுதான் எனக்குப் பாடம், இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

ஆபத்துன்னு தெரிஞ்சும் போறது விசுவாசமா, முட்டாள்தனமா?

இரண்டு பேரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸ் ஒடிசாவின் மயூர்பஞ்சில் 30 வருஷத்துக்கு மேல் தொழுநோயாளிகளோடு வாழ்ந்தவர், மொழி தெரிந்தவர். 1999 ஜனவரி 23-ல் மனோகர்பூரில் இரண்டு மகன்களோடு வண்டிக்குள் வைத்து எரிக்கப்பட்டார். மனைவி கிளாடிஸ் கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று சொல்லி, அதன்பிறகும் அங்கேயே வேலையைத் தொடர்ந்தார். ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர் 2018 நவம்பரில் அந்தமானின் வடக்கு சென்டினல் தீவுக்குள் தடையை மீறிப் போய்க் கொல்லப்பட்டார். அந்தத் தீவுக்காரர்களுக்கு வெளியுலக நோய்களைத் தாங்கும் சக்தி கிடையாது, ஒரு சளிக்காய்ச்சலே ஊரை அழித்துவிடலாம். அவர் தைரியத்தை நான் குறை சொல்லவில்லை, ஆனால் யாருக்காகப் போகிறோமோ அவர்கள் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை. நம் உயிர் வேறு கணக்கு.

பிள்ளைங்க படிப்பு?

மகள் ஆறாம் வகுப்பில் விடுதிக்குப் போனாள், 1,500 கிலோமீட்டருக்கு அப்பால். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாள். ஒரு தடவை ரயிலிலிருந்து இறங்கியவள் என்னைப் பார்த்து, 'அங்கிள்' என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சிரித்துவிட்டோம். இப்போது கல்லூரியில் படிக்கிறாள், அந்த வருஷங்களைப் பற்றி அதிகம் பேச மாட்டாள். நானும் தோண்டிக் கேட்பதில்லை. போக நினைக்கிறவர்கள் இதற்கு ஏதாவது வழி கண்டுபிடித்துவிட்டுப் போங்கள், என்னிடம் நல்ல பதில் கிடையாது.

எப்போ வேலை முடிஞ்சதுன்னு தெரியும்?

சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனரி சங்கத்தின் செயலராக 1841 முதல் 1872 வரை இருந்த ஹென்றி வென் மூன்று அடையாளம் சொன்னார்: சபை தன் செலவைத் தானே பார்க்கும், தன்னைத் தானே நடத்தும், தானே பரப்பும். அதன்பின் மிஷனரி அடுத்த இடத்துக்குப் போகலாம். நம் திருநெல்வேலிச் சபைகளும் அந்தத் திட்டத்தில்தான் சொந்தக் காலில் நிற்கப் பழகின. எழுத எளிது, செய்வது கஷ்டம், ஏனென்றால் மிஷனரிக்கே தான் தேவைப்பட வேண்டும் என்ற ஆசை இருக்கும்.

என் கடைசி வருஷத்தில் ஒரு நாள் மலையடிவாரத்து ஓடையில் ஞானஸ்நானம். தண்ணீருக்குள் நின்றவர் உள்ளூர் மூப்பர், ஆறாம் வகுப்பு வரை படித்தவர். அடுத்த மலையிலிருந்து வந்த நாலு பேர், அவர்களிடம் பேசிக் கூட்டிவந்தது எங்கள் கிராமத்துப் பெண்கள், எனக்கு அவர்கள் பெயர்கூடத் தெரியாது. நான் கரையில் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூப்பர் ஜெபத்தில் 'எங்கள் பிதாவே' என்று சரியான 'எங்கள்' போட்டு ஆரம்பித்தார். நாலாவது ஆள் நனைந்து மேலே வந்ததும் யாரோ என்னைப் பார்த்து, துண்டை இப்படிக் கொண்டா என்று கையைக் காட்டினார்கள். சாஹப் என்று யாரும் சொல்லவில்லை.